பெயர்ப்பட்டியல் இல்லாத கப்பல்கள்: மடுல்சீமைத் தோட்டங்களுக்கு ஆள் வந்த கடல்வழி

1. கப்பற்பெயரும் குடியேற்ற வரலாறும்

கடல் கடந்து போய்க் குடியேறிய சமூகங்கள் தமது வரலாற்றை ஒரு கப்பலின் பெயரோடு தொடங்குவது வழக்கம். 1787 மே 13இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறையிலிருந்து கைதிகளையும் காவற்படையினரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1788 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அடைந்து, இன்றைய சிட்னி நகரத்துக்கு அடித்தளமிட்ட 11 கப்பல்களின் பெயர்களும் ஆவணங்களில் உள்ளன. அவற்றில் வந்த கைதிகளின் பெயர்களையும் ஆய்வாளர் பெரும்பாலும் திரட்டிவிட்டனர். சென்னையில் தமிழரையும் தெலுங்கரையும் ஏற்றி 1860 நவம்பர் 16இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலை அடைந்த 'ட்ரூரோ', கல்கத்தாவிலிருந்து சென்று 1879 மே 14இல் பீஜித் தீவை அடைந்த 'லியோனிடாஸ்' ஆகிய கப்பல்களும் அவ்வாறே அந்தந்த நாட்டு இந்திய வம்சாவளியினரின் நினைவுநாள்களுக்கு அடிப்படையாக நிற்கின்றன. நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பதிவேடுகளில் ஒவ்வொருவருடைய பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, சொந்த ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியன எழுதப்பட்டிருப்பதால், டர்பனில் வாழும் ஒருவர் தம் பாட்டனாரின் ஊர் எது என்பதை இன்றும் தேடிக் கண்டடைய முடிகிறது.

இலங்கை மலையகத் தமிழரின் நிலை இதற்கு நேர்மாறானது. பதுளை மாவட்டத்தின் கிழக்கு மலைகளில், பசறைக்கும் லுணுகலைக்கும் அப்பால் அமைந்துள்ள மடுல்சீமைத் தோட்டங்களில் ஐந்தாறு தலைமுறையாக வாழும் ஒரு குடும்பம், தன் முன்னோர் எந்தக் கப்பலில், எந்த ஆண்டில், எந்தத் துறையில் ஏறி வந்தனர் என்று கேட்டால், விடை தரக்கூடிய கப்பற்பதிவேடு அநேகமாக எங்கும் இல்லை. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்கு வந்தோரின் தொகையோ அதனினும் பன்மடங்கு பெரிது. சிறிய தொகையினருக்குப் பெயர்ப்பட்டியல் இருக்கையில் பெருந்தொகையினருக்கு அது இல்லாமற்போனமை தற்செயலாக நிகழ்ந்ததன்று. அது எவ்வாறு நேர்ந்தது, கப்பலும் பாதையும் சட்டமும் அதில் எவ்வகைப் பங்கு வகித்தன, பின்வந்த தலைமுறைகள் அதற்காகக் கொடுத்த விலை யாது என்பவற்றை மடுல்சீமையை மையமாக வைத்து ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

2. சட்டம் காணாத கடற்பயணம்

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1830களில் ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டக் குடியேற்றங்களுக்கு இந்தியத் தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தக் கூலிமுறை உருவாயிற்று. குறிப்பிட்ட ஆண்டுகள், பெரும்பாலும் 5 ஆண்டுகள், ஒரே முதலாளியிடம் வேலை செய்வதாகத் தொழிலாளி கைந்நாட்டிட்டு, அரசின் மேற்பார்வையில் கப்பலேறுவதே ஒப்பந்தக் கூலிமுறை எனப்பட்டது. அம்முறையின் கொடுமைகள் பல. எனினும் ஒப்பந்தம் என்றால் அதில் பெயர் இருந்தாக வேண்டும் என்பதனாலும், கப்பலில் இறந்தோர் எத்தனை பேர் என்று லண்டனுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்ததனாலும், அந்த முறை தன்னையறியாமலேயே ஒரு பெரும் ஆவணத் தொகுதியை விட்டுச்சென்றது.

இலங்கைக்கான பெயர்ச்சி இந்த முறைக்குள் வரவில்லை. தொழிலாளரை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1839ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடைசெய்திருந்தபோதிலும், 1847ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இலங்கையை அத்தடையிலிருந்து விலக்கியது. சில மணிநேரத்தில், காற்று மாறினால் ஓரிரு நாளில், கடந்துவிடக்கூடிய நீரிணைக்கு அப்பால் இருந்த தீவு, குடிபெயர்வுக்குரிய அயல்நாடாகக் கருதப்படவில்லை. தோட்டத்துரைமார் இந்த விலக்கைப் பெரிதும் விரும்பினர். அரசாங்க முகவரும், கப்பல் மருத்துவரும், கட்டாயக் காலவரையறையும் இல்லாத பயணம் அவர்களுக்குச் செலவு குறைந்ததாக இருந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் கங்காணி. தோட்டத்தில் ஏற்கெனவே வேலைசெய்யும் தொழிலாளருள் ஒருவர், துரையிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு, தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்துவந்து, தோட்டத்தில் அவர்களுக்குத் தலைவராக இருந்து வேலை வாங்குவதே கங்காணி முறை. பல சில்லறைக் கங்காணிகளுக்கு மேலே ஒரு பெரிய கங்காணி இருந்தார். வேலைக்கு இறங்கும் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைத்த பணம் தலைக்காசு எனப்பட்டது. வழிச்சாப்பாடு, தோணிக்கூலி, கம்பளி, ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்குக் கொடுத்த சிறுதொகை ஆகிய யாவும் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டன. ஆகவே கடலைக் கடந்தவரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறிய இடம் கங்காணியின் கடன்கணக்கேயன்றிக் கப்பற்பதிவேடு அன்று. அக்கணக்குகள் தனியாருடையவை, கடன் தீர்ந்தாலோ, கங்காணி மாறினாலோ, தோட்டம் கைமாறினாலோ அவற்றைப் பேணவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

அரசாங்கம் கணக்கே எடுக்கவில்லை என்று கூறிவிடவும் முடியாது. மன்னாரிலும் கொழும்பிலும் வந்திறங்கிய ஆண், பெண், சிறுவர் தொகை 1839 முதல் ஆண்டறிக்கைகளில் இடம்பெற்று வந்தது. எண்ணிக்கை எடுக்கப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை என்பதே இதில் கருதத்தக்கது.

3. துறைகளும் கலங்களும்

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் புறப்பட்டோர், கோப்பிக்காலத்தில், அதாவது 1820களில் தொடங்கி 1880களில் முடிந்த கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில், தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் முதலிய சிறுதுறைகளில் கடலேறினர். பின்னாளில் தூத்துக்குடி முதன்மை பெற்றது. இலங்கைக் கரையில் தலைமன்னார், மன்னார், அரிப்பு ஆகிய இடங்களில் அவர்கள் இறங்கினர்.

அவர்களை ஏற்றிய கலங்கள், நெல்லும் கருவாடும் துணியும் ஏற்றி நீரிணையின் இருகரைகளுக்கும் இடையே நெடுங்காலமாக ஓடிவந்த தோணிகளும் சிறிய பாய்க்கப்பல்களுமே. அவற்றைச் செலுத்திய கப்பலோட்டி தண்டையல் எனப்பட்டார். ஆட்களை ஏற்றுவதற்கென்று கட்டப்படாத இக்கலங்களில் மேல்மூடியோ, கழிப்பிடமோ, போதிய குடிநீரோ இருக்கவில்லை. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டதால், இடம் உள்ளவரை ஆட்களை ஏற்றுவது தோணிக்காரருக்கு ஆதாயமாயிற்று. பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இக்கடல் திடீரெனக் கொந்தளிக்கும் இயல்புடையது. ஆகவே தூரம் குறைவு என்பதனால் ஆபத்தும் குறைவு என்று சட்டமியற்றியோர் கொண்ட எண்ணம் கடலில் மெய்யாகவில்லை.

இத்தகைய எண்ணற்ற பயணங்களுள் மலையக மக்களின் நினைவில் பெயரோடு நிலைத்திருப்பது 'ஆதிலட்சுமி' என்னும் கப்பல். 1864 பெப்ரவரியில் தொழிலாளருடன் மூழ்கிய அக்கப்பலில் 120 பேர் மாண்டனர் என்பது மலையக வரலாற்று நூல்களில் திரும்பத்திரும்பக் கூறப்படும் செய்தி. மாண்டவர்களின் பெயர்கள் தெரியவில்லை. 1884இல் பீஜியின் நசிலாய்ப் பவளத்திட்டில் மோதிச் சிதைந்த 'சிரியா' என்னும் ஒப்பந்தக் கூலிக் கப்பலில் இறந்தவர்களைப் பதிவேட்டின் துணைகொண்டு இனங்காண முடிந்தமையோடு இதனை ஒப்பிட்டால், இருவகைப் பயணங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விளங்கும். பிற குடியேற்ற நாடுகளில் கரையை வந்தடைந்த முதற்கப்பலின் பெயர் நிலைத்திருக்க, மலையகத்தில் கரை சேராத கப்பலின் பெயரே நிலைத்தது. கரை சேர்ந்தவற்றைக் குறித்துவைக்கவேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

4. கரையிலிருந்து மலைக்கு

சிட்னியிலும் டர்பனிலும் குடியேறியோர் தாம் இறங்கிய கரையை அண்டியே வாழத் தொடங்கினர். இலங்கைக்கு வந்த தொழிலாளருக்கோ கரை என்பது பாதையின் நடுப்பகுதி மட்டுமே. மன்னாரிலிருந்து தெற்கே வறண்ட காடுகளினூடாக மாத்தளை வரை சென்ற வடபாதை ஏறத்தாழ 150 மைல் நீளமுடையது. நீர்நிலைகள் வற்றிய மாதங்களில் குடிநீர் கிடைப்பது அரிதாயிருந்தது. மழைமாதங்களில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. வாந்திபேதி கண்டவர்கள் பாதையோரத்திலேயே விடப்பட்டனர். 1841 முதல் 1849 வரையிலான காலத்தில் 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று கொழும்பில் வெளிவந்த 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டின் துல்லியத்தைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், சாவு பெருந்தொகையில் நிகழ்ந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. பின்னர் அரசாங்கம் பாதையோரத்தில் கிணறுகளையும் தங்குமடங்களையும் மருத்துவச் சாலைகளையும் அமைத்தது.

மாத்தளையிலோ கண்டியிலோ வேலை பெற்றவருக்கு நடைப்பயணம் அங்கே முடிந்தது. ஊவாவுக்கு விதிக்கப்பட்டவருக்கு அங்கிருந்து இன்னொரு பயணம் தொடங்கியது. மத்திய மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்த ஊவா, கரையிலிருந்தும் கண்டியிலிருந்தும் எட்டத்தில் இருந்த நிலப்பகுதி. தனி மாகாணமாக அது அமைக்கப்பட்டதே 1886இல்தான். கண்டிவழி வந்தோர் உயர்ந்த மலைகளை ஏறியிறங்கிப் பதுளையை அடைய வேண்டியிருந்தது. கொழும்பில் இறங்கியோருக்கு இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறும் பாதை இருந்தது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் வண்டிப்பாதையில் கிழக்கே சென்று, இடையில் பிரிந்து மலையேறினால் மடுல்சீமை. கடலில் ஓரிரவு கழித்தவர் மடுல்சீமையில் தம் லயத்தை, அதாவது வரிசையாக அறைகள் கொண்ட தோட்டக் குடியிருப்பை, அடைவதற்குள் நடந்த தூரம் கடந்த கடலைக் காட்டிலும் பல மடங்கு நீண்டது. ஆதலால் இம்மக்களின் வாய்மொழி நினைவில் கப்பலைவிட நடையும், கடலைவிடக் காடும் மிகுதியாகப் பதிந்திருப்பதில் வியப்பில்லை.

5. 1869: பயணி குடியானவரான திருப்பம்

கோப்பிக்கால இடப்பெயர்ச்சியைக் குடியேற்றம் என்று முழுமையாகக் கூறுவது பொருந்தாது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். பருவம் முடிந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வந்தோருள் ஆண்களே மிகுதி. ஆண்டறிக்கைகளில் வருகைத்தொகைக்குப் பக்கத்திலேயே புறப்பாட்டுத்தொகையும் பெரிதாகக் காணப்படுவது இதனாற்றான். ஒரே மனிதர் தம் வாழ்நாளில் பலமுறை நீரிணையைக் கடந்திருக்கக் கூடுமாகையால், இவ்வறிக்கைகளில் உள்ளவை பயணங்களின் எண்ணிக்கையே தவிர மனிதர்களின் எண்ணிக்கை ஆகமாட்டா என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்தப் போக்குவரவைக் குடியேற்றமாக மாற்றிய நிகழ்வு மடுல்சீமையிலேயே முதலில் தென்பட்டது. 1869 மே மாதத்தில் மடுல்சீமைப் பகுதியின் கல்லூலாத் தோட்டத்தில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள்படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சணவியல் அறிஞரான பெர்க்லி அவ்வாண்டிலேயே அதனை ஆராய்ந்து 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். இலையின் அடிப்புறத் துளைகள் வழியே உட்புகுந்து வளரும் இப்பூஞ்சணம், இலைகளை முன்கூட்டியே உதிரச்செய்து, மரத்தின் வலுவை ஆண்டுக்காண்டு குறைத்து, இறுதியில் காய்ப்பையே நிறுத்திவிடும். அதன் நுண்ணிய வித்திகள் காற்றாலும் மழைத்துளியாலும் பரவ, மலைச்சரிவு முழுவதும் கோப்பி மட்டுமே நடப்பட்டிருந்தமையால் நோயைத் தடுத்து நிறுத்தும் இடைவெளி எங்கும் இருக்கவில்லை. 1880களின் நடுப்பகுதிக்குள் இலங்கைக் கோப்பித் தொழில் அநேகமாக அழிந்தது.

அதனிடத்தில் வந்த தேயிலை வேறொரு தொழிலாளர் ஒழுங்கைக் கேட்டது. தேயிலைக் கொழுந்து குறுகிய இடைவெளிகளில் ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. பறித்த கொழுந்து அன்றன்றே தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டியது. ஆகவே பருவத்துக்கு வந்துபோகும் ஆண்களுக்குப் பதிலாக, கொழுந்து பறிக்கும் பெண்களும், கவ்வாத்து வெட்டும் ஆண்களும், சிறு வேலைகளுக்குப் பிள்ளைகளும் அடங்கிய குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கியிருக்க வேண்டியதாயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சம் ஊர் திரும்பும் வாய்ப்பையும் சுருக்கிவிட்டிருந்தது. மடுல்சீமையில் கோப்பி வேரோடு பிடுங்கப்பட்ட சரிவுகளில் தேயிலை நடப்பட்டபோது, கப்பலில் வந்தோரின் தன்மையும் மாறியது: கடலைக் கடந்தவர் வந்துபோகும் பயணி என்னும் நிலையிலிருந்து நிலைத்து வாழும் குடியானவர் என்னும் நிலைக்குச் சென்றார். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் முதன்முதலாகத் தனிப்பிரிவாகக் கணக்கிடப்பட்டபோது அவர்களின் தொகை ஏறத்தாழ 5,30,000 ஆக இருந்தது. மனிதரின் நிலை இவ்வாறு மாறிய பின்னரும் சட்டத்தின் பார்வை மாறவில்லை. குடும்பம் குடும்பமாக வந்திறங்கியோரையும் அது பழைய பருவகாலப் பயணிகளாகவே நடத்தியது.

6. நீராவிக் கப்பலும் தகரத் துண்டும்

தென்னிந்திய ரயில்பாதை 1876இல் தூத்துக்குடியை எட்டியபின், நீராவிக் கப்பல்வழி கொழும்புக்கு வருவது பெருகியது. இவ்வழியில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பெனி கொண்டிருந்த தனியாதிக்கத்தை எதிர்த்தே வ.உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவி, 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடவிட்டார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்ததும், 1908இல் அவர் சிறை சென்றதும், கம்பெனி நலிந்ததும் தமிழகம் நன்கறிந்த வரலாறு. அந்தக் கட்டணப் போர் நடந்த கடல்வழி மலையகத் தொழிலாளரும் வந்துபோன வழி என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

நோய்ப்பரவல் அச்சத்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதைவழி ஆள்வரத்து நிறுத்தப்பட்டபின், தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும் கொழும்பை அடுத்த றாகமையிலும் இருந்த முகாம்கள் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதிக்கும் இடங்களாயின. இக்காலத்திலேயே, 1901, 1902ஆம் ஆண்டுகளில், தகரத் துண்டு முறை புகுத்தப்பட்டது. தோட்டத்துக்குரிய இலக்கமும் ஆளுக்குரிய இலக்கமும் பொறிக்கப்பட்ட சிறிய உலோகத் தகடு ஒன்று தொழிலாளியின் கழுத்தில் கட்டப்பட்டது. துறைமுகத்திலும் இடைத்தங்கல் நிலையங்களிலும் இருந்த உத்தியோகத்தர், அவரிடம் பெயரோ ஊரோ கேட்க வேண்டிய தேவையின்றி, தகட்டைப் பார்த்து உரிய தோட்டத்துக்கு அனுப்பிவைத்து, சோற்றுக்கும் ரயிலுக்கும் ஆன செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினர். பயணத்துக்கு இப்போது ஓர் அடையாளம் கிடைத்தது; ஆனால் அது செலவை யாரிடம் அறவிடுவது என்பதைக் காட்டும் அடையாளமாகவே இருந்தது.

இதே காலத்தில் ஊவாவுக்கு வேறொரு கூட்டமும் கப்பலில் வந்தது. தென்னாபிரிக்கப் போரில் பிரித்தானியரிடம் சிறைப்பட்ட போயர் இனத்தவரில் ஏறத்தாழ 5,000 பேர் 1900 ஓகஸ்ட் முதல் பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டனர். போர்க்கைதிகளாதலால் ஒவ்வொருவருக்கும் இலக்கமும் பெயரும் ஊரும் கொண்ட பதிவு இருந்தது. ஓரிரு ஆண்டுகள் சிறையிருந்து திரும்பிப்போனோரின் பெயர்கள் ஆவணக்காப்பகங்களில் இருக்க, அதே மாவட்டத்தில் குடியேறித் தேயிலை வளர்த்தோரின் வருகைக்கு எழுத்துச் சான்று இல்லை என்பது, ஆட்சியாளர் யாரைப் பெயர்சொல்லி எண்ண வேண்டியவராகக் கருதினர் என்பதைத் தெளிவாக்குகிறது.

1914 கடல்வழியை மீண்டும் மாற்றிய ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் 1 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்' ஆகிய நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. தலைமன்னாரிலிருந்து மதவாச்சிக்கு ரயில்பாதையும் போடப்பட்டது. 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த இவ்விணைப்பினால் கடலில் கழிந்த நேரம் ஏறத்தாழ இரண்டு மணியாகச் சுருங்கியது. கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் சில நாள்கள் தடுத்துவைக்கப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, உடைகள் ஆவியில் வேகவைக்கப்பட்டபின்னரே தொழிலாளர் அனுப்பப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது.

மலைப்பக்கத்தில் ரயில்பாதை படிப்படியாகவே ஊவாவை நெருங்கியது. 1885இல் நானுஓயாவையும், 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்த பாதை, பதுளைக்கு வந்துசேர மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1924இலேயே பதுளையில் ரயில் நின்றது. ஆகவே மடுல்சீமைக்கு வந்த ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு இடத்தில் ரயிலை விட்டிறங்கி நடந்திருக்கிறது என்பதும், ஒரு குடும்பத்தில் வழங்கும் நடைக்கதை எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கொண்டே அக்குடும்பம் வந்த காலத்தை ஓரளவு கணிக்கலாம் என்பதும் ஆய்வாளருக்குப் பயன்படும் குறிப்புகள்.

7. பதிவின்மைக்குக் கொடுத்த விலை

தொழிலாளி தோட்டம் மாறவேண்டின் அவருடைய கடன்தொகையைக் குறித்துக் கொடுக்கப்பட்ட சீட்டு துண்டு எனப்பட்டது; அத்தொகையைப் புதிய தோட்டம் கட்டினாலன்றி அவர் விடுபட முடியாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், அடுத்த ஆண்டில் இலங்கையில் வந்த சட்டம் ஆகியவற்றின் பின்னரே இலங்கைக்கான ஆட்சேர்ப்பு முறையான அரசாங்க மேற்பார்வைக்குள் வந்தது. இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவரும் கண்டியில் அமர்த்தப்பட்டார். 1939 ஓகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஆள்வரத்தில், ஒழுங்கான கண்காணிப்பு இருந்த காலம் இறுதியில் வந்த சில ஆண்டுகள் மட்டுமே.

சுதந்திரத்தின் பின் இந்தக் குறை குடும்பங்களின் தலையில் விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெறுவதற்குத் தம் தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிறுவ வேண்டியிருந்தது. லயங்களில் நிகழ்ந்த பழைய பிறப்புகளுக்கு அத்தாட்சிப் பத்திரம் கிடைப்பது அரிது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் பதிவுவழிக் குடியுரிமைக்கு இடமளித்தபோதும், 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்று விதித்தது. 12 மாதத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு வாசம் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடும். தாயின் சாவுக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ போட் மெயிலில் ஊருக்குப் போய்ச் சற்று நீண்டு தங்கிவிட்டவருக்கு அந்தப் பயணமே எதிர்ச்சான்றாயிற்று. வந்தபோது குடிபெயர்வு என்று பதியப்படாத கடற்பயணம், போனபோது வெளிநாட்டுப் பயணமாகக் கணக்கிடப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் தரப்பட, 1960களின் தொடக்கம்வரை பதியப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் எனப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வழிசெய்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன்னரே, 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் வீசிய புயல் தனுஷ்கோடித் துறையை அழித்தது. அதன்பின் 'இராமானுஜம்' என்னும் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குத் தாயகம் திரும்புவோரை ஏற்றிச்சென்றது; வந்தவர்களைத் தடுத்துவைத்த மண்டபம் முகாமே திரும்பிப்போனவர்களின் இடைத்தங்கல் முகாமாகவும் ஆயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு நடத்தும் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் தேயிலை வேலைக்கே அமர்த்தப்பட்டனர். உள்நாட்டுப் போரினால் 1984இல் கப்பல் நின்றதும் இந்தப் பெயர்ச்சியும் தடைப்பட்டது.

திரும்பிச் சென்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடவுச்சீட்டும், குடும்ப உறுப்பினர் விபரமும், செல்லுமிடமும் குறித்த ஆவணங்கள் இருந்தன. பாக்கு நீரிணைப் பயணிகளுக்கு முழுமையான பெயர்ப்பதிவு வாய்த்தது, அவர்கள் குடியேறியபோது அன்று, வெளியேற்றப்பட்டபோதே. இலங்கையில் தங்கியவர்களின் நாடற்ற நிலைக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே முடிவு கண்டன.

8. இனிச் செய்யக்கூடியது

இல்லாத கப்பற்பதிவேட்டை உருவாக்க முடியாது. ஆயினும் அது தந்திருக்கக்கூடிய செய்திகளை வேறு சான்றுகளிலிருந்து ஓரளவு திரட்டலாம். தோட்டக் காரியாலயங்களின் செக்ரோல்கள், அதாவது நாளாந்த வேலைப் பெயர்ப்பதிவுகள், ஒருவர் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் வேலைசெய்தார் என்பதைக் காட்டும். கங்காணிக் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள கணக்குப் புத்தகங்கள் ஒரே ஊரிலிருந்து ஒருங்கே வந்தோரை இனங்காண உதவும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தரப்பட்ட விண்ணப்பங்களில், தம் வசிப்பை நிறுவும்பொருட்டு மக்கள் எடுத்துரைத்த குடும்ப வரலாறுகள் அடங்கியுள்ளன. நீலகிரிக்கும் தமிழகத்தின் பிற இடங்களுக்கும் சென்ற உறவினரிடமுள்ள கடவுச்சீட்டுகளும் குடும்ப அட்டைகளும் இலங்கைப் பிறப்பிடத்தைத் தோட்டப் பெயரோடு கூறுவன. தோட்டக் கோயில்களின் உபயக்காரர் பெயர்கள், குலதெய்வ வழிபாடுகள், கல்லறைக் கற்கள் ஆகியவை சொந்த ஊரைத் துப்பறியத் துணைசெய்யும்.

2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நடத்தப்பட்டது. வடபாதை அதனால் பொதுநினைவுக்கு மீண்டு வந்தது. ஊவாவுக்கான பாதைகளுக்கு அத்தகைய கவனம் இன்னும் கிட்டவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் அரசிடமிருந்து பிராந்தியக் கம்பெனிகளுக்குக் கைமாறியபோது இருந்ததுபோலவே, காரியாலயக் கட்டடங்கள் மூடப்படும்போதும் பழைய புத்தகங்கள் கழிவுத்தாளாகப் போகும் அபாயம் உண்டு. மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதிப் பாடசாலைகளும் நூலகங்களும் தோட்டவாரியாக இச்சான்றுகளைப் படியெடுத்துத் தொகுத்தால், முதற்கப்பலின் பெயர் தெரியாத ஒரு சமூகம் தன் முதல் தலைமுறையினரின் பெயர்களையேனும் அறிந்துகொள்ளும். செக்ரோல் புத்தகங்களே முதலில் அழியக்கூடியவை ஆதலால், அப்பணி அவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.